வாசலில் பாம்பாஸ் புல், மதிலில் எருக்கு: எதைப் பிடுங்குவது, எதை விடுவது?

கேள்வி: வணக்கம் சார். எங்களுக்குக் கன்னங்குறிச்சியில் சொந்த வீடு. ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் 40 சென்ட் இடத்தில் நாலு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறோம். மலை வீட்டுத் தோட்டத்தை ஒரு டிசைனரிடம் விட்டோம். கேட்டுக்கு இரண்டு பக்கமும் பஞ்சு போலக் கதிர் விடும் பாம்பாஸ் புல், நடைபாதை நெடுக ஜோடி ஜோடியாக ஈழத்தலரி (ப்ளுமேரியா மரம்), ஓரத்தில் நித்தியகல்யாணி, பின்னால் 30 மீட்டருக்கு மஞ்சள் அரளி வேலி என்று வைத்துக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்திலிருந்து வந்த தம்பதி கேட்டைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்குச் சொல்ல மறுத்துவிட்டார்கள். மலேசியாவிலிருந்து வந்த சொந்தக்கார அக்கா, "என்னம்மா இது, கல்லறைக்குப் போற பாதை மாதிரி வெச்சிருக்கே" என்று சொல்லி முன் அறையில் படுக்கவே இல்லை. மாமியார் நித்தியகல்யாணியைப் பிடுங்கு என்கிறார். கன்னங்குறிச்சி வீட்டிலோ, மூலையில் 2 வருஷம் முன்பு சேர்த்து நட்ட அரசுக்கும் வேம்புக்கும் யாரோ மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருக்கிறார்கள். மதிலோரம் தானாக முளைத்த வெள்ளெருக்கின் வேர் வேண்டும் என்று ஆள் வந்தபடி இருக்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா?
— சேலம் வாசகி

பதில்: எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். உடனே எடுக்க வேண்டியது ஒன்றுதான், அதைப் பற்றி உங்களிடம் யாரும் வாயே திறக்கவில்லை. மஞ்சள் அரளி வேலிதான் அது. அடுத்தது பாம்பாஸ் புல். அதையும் இங்கிலாந்துக்காரர் சிரித்ததற்காக எடுக்கச் சொல்லவில்லை. மற்றதெல்லாம் இடம் மாற்றினால் தீர்ந்துவிடும்.

செடியைப் பற்றிய பேச்சில் பாதி அது நிற்கும் இடத்தைப் பற்றிய பேச்சு. நந்தவனத்து அரளி அம்மனுக்குப் போகிறது. சேலம்–பெங்களூரு நாற்கரச் சாலையின் நடுவில் நிற்கும் அரளியை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. அதே அரளி படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நின்றால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆகவே ஒவ்வொரு செடிக்கும் இரண்டு கேள்வி: உங்கள் வாசலைத் தாண்டிப் போகிறவர் யார்? பேச்சை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்தச் செடி உண்மையில் என்ன செய்யும்?

வேலியை முதலில் பார்ப்போம். செவ்வரளி, வெள்ளரளி வேறு, மஞ்சள் அரளி வேறு. பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் தோட்டம் தோட்டமாகப் போட்டு, இருட்டோடு மொட்டாகப் பறித்துச் சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புவது முதல் வகை. மஞ்சள் அரளி அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்த இன்னொரு செடி. பூ புனல் மாதிரி இருக்கும், காய் பச்சையாக முனை முனையாகக் காய்த்து, முற்றினால் கறுத்து உதிரும். இரண்டிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு. ஆனால் மஞ்சள் அரளியில் அந்த நஞ்சு கைக்கு அடக்கமான காய்க்குள் கொட்டையாக உட்கார்ந்திருக்கிறது. குழந்தைகள் கோலிக்குண்டு போல எடுத்து விளையாடும் அளவு. சுற்றுலா வந்த இடத்தில் பிள்ளைகளை யார் கண்காணிக்கிறார்கள்?

இதற்குச் சொல்லப்படாத அர்த்தம் ஒன்றும் இருக்கிறது. நம் கிராமங்களில் அரளிக்காய் என்றதும் நினைவுக்கு வருவது பூ இல்லை. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அந்த வேலியைப் பார்த்து ஒரு விருந்தினர் சட்டென்று பேச்சை நிறுத்தினால் காரணத்தை உங்களிடம் சொல்லமாட்டார். அடுத்த தடவை வரமாட்டார், அவ்வளவுதான். மாடு ஆடு கடிக்காது, தண்ணீர் கேட்காது, வருஷம் முழுக்கப் பூக்கும் என்று டிசைனர்கள் இதை வைக்கிறார்கள். மூன்றும் உண்மைதான். இருந்தாலும் ஆள் தங்குகிற இடத்துக்கு இது வேலி ஆகாது.

எடுக்கும் முறை முக்கியம். வெட்டத் தொடங்கும் முன் செடியில் இருக்கும் காய், தரையில் உதிர்ந்த காய், கொட்டை எல்லாவற்றையும் பொறுக்கி மூடியுள்ள வாளியில் போடுங்கள். முதலில் வெட்டினால் காய்கள் சருகோடு கலந்துவிடும், பிறகு தேடி மாளாது. ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி கட்டாயம். பால் பட்டால் தோல் எரியும். தரையிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டி, அடித்தூரைக் கடப்பாரையால் பெயர்த்து எடுங்கள். தூரை விட்டால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். வெட்டிய கழியை எரிக்காதீர்கள், புகையும் நஞ்சு. வேலைக்கு வருகிறவர்கள் விறகுக்கு எடுத்துப் போகிறோம் என்று கேட்டால் கொடுக்காதீர்கள். காய்ந்த இலையிலும் நஞ்சு அப்படியே இருப்பதால், ஆடு மாடு நடமாடும் இடத்தில் குவித்துவைப்பதும் தப்பு. தண்ணீர்த் தொட்டி, ஓடை எதற்கும் பக்கத்தில் இல்லாமல் 3 அடி ஆழக் குழி எடுத்துப் புதைத்து, மேலே ஒன்றரை அடி மண் மூடி மிதித்துவிடுங்கள். எடுத்த இடத்தில் அடுத்த 2 மழைக்காலம் நாற்று முளைக்கும். விரல் உயரத்தில் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும்.

அதற்குள் யாராவது கடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விடுவது, உப்புத் தண்ணீர், முட்டைக்கரு எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து, ஒரு கிளையையோ காயையோ கையோடு கொண்டுபோய் "மஞ்சள் அரளி" என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருப்பதுதான் பெரிய தப்பு. இதயம் தடுமாறுவது பல மணி நேரம் கழித்தும் நடக்கும். இ.சி.ஜி. எடுத்து, ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்க வேண்டிய விஷயம் இது. உங்கள் இடத்திலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வேலிக்கு மாற்று, நொச்சி. அதையும் ஆடு மாடு கடிக்காது. பென்சிலை விடச் சற்றுத் தடித்த கிளையை ஒரு அடி நீளத்துக்கு, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, பாதி மண்ணுக்குள் போகும்படி நட வேண்டும். குச்சிக்குக் குச்சி 30 செ.மீ. இடைவெளி, இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று மாற்றி மாற்றி. 30 மீட்டருக்கு 200 குச்சி ஆகும். சில பட்டுப்போகும் என்பதால் 240 எடுத்துவையுங்கள். ஜூன் மழையில் நட்டால் பிடித்துக்கொள்ளும். கோடையில் நட்டுவிட்டு வேர் பிடிக்கவில்லை என்று சொல்வதில் பயனில்லை. இடுப்பு உயரம் வந்ததும் ஒருமுறை மட்டமாக வெட்டினால்தான் அடியிலிருந்து கிளை அடைக்கும். வெட்டாமல் விட்டால் மேலே குடை, கீழே ஓட்டை. முதல் வருஷத்துக்கு மூங்கில் தட்டி கட்டிக்கொள்ளுங்கள்.

நொச்சிக்கும் ஒரு பழைய அர்த்தம் உண்டு: கோட்டை மதிலைக் காத்து நின்றவர்கள் சூடிய பூ. வேலிக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்? இதே கணக்கில் பார்த்தால், நம் ஊரில் பாதி வீட்டு வாசலில் நிற்கும் இட்லிப்பூ, அதாவது வெட்சி, பகைவர் நாட்டு மாட்டை ஓட்டிவரக் கிளம்பியவர்கள் சூடியது. அதை மீட்கப் போனவர்கள் சூடியது கரந்தை. எதிர்வீட்டில் கறவை மாடு இருந்தால் இட்லிப்பூவைப் பின்பக்கம் நகர்த்தச் சொல்லவா முடியும்? அர்த்தம் தெரிந்தவர்கள் ஊரில் இல்லாமல் போனால் அர்த்தமும் போய்விடுகிறது.

பாம்பாஸ் புல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் இங்கிலாந்தில் நிறைய இருக்கிறார்கள், சிக்கல் அதுதான். தென் அமெரிக்கப் புல்வெளிகளின் செடி இது. இங்கிலாந்தின் புறநகர் வீடுகளில் 1970-களில் நாகரிகமாக இருந்தது. அதோடு ஒரு வதந்தியும் ஒட்டிக்கொண்டது: வாசலில் பாம்பாஸ் புல் இருந்தால், அந்த வீட்டுத் தம்பதி வேறு தம்பதிகளோடு இணை மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்று சொல்கிறார்கள் என்பது. யாராவது உண்மையிலேயே இதை அடையாளமாக வைத்தார்களா என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. ஆனால் வீட்டுக்காரர் நிலைமை தர்மசங்கடமாகிவிட்டது. இந்தப் பேச்சால் விற்பனையே படுத்துவிட்டதாக அங்குள்ள நர்சரிக்காரர்கள் சொன்னது பத்திரிகைகளில் வந்திருக்கிறது. கேட்டுக்கு இரண்டு பக்கமும், அதுவும் வாடகைக்கு அறை விடுகிற வீட்டில்! உங்கள் விருந்தினர் ஏன் படம் எடுத்தார்கள், ஏன் சொல்லவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். அவர்கள் உங்களைத் தப்பாக நினைத்திருக்க வாய்ப்பில்லை, ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு வேடிக்கை கிடைத்தது என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதே புல்லின் காய்ந்த கதிரைக் கல்யாண மேடை அலங்காரத்தில் குத்திவைத்து நம் ஊர் மண்டபங்களிலேயே மாப்பிள்ளை, பெண்ணை உட்கார வைக்கிறோம்.

அர்த்தத்தை விடுங்கள். மலையில் இந்தப் புல் வேண்டாம் என்பதற்கு எனக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. ஒரு கதிரில் லட்சம் விதை வரை வரும், எல்லாம் காற்றில் பறக்கும் பஞ்சு. கலிபோர்னியாவிலும் ஸ்பெயினிலும் இது களையாகப் பரவிவிட்டது. நியூசிலாந்தில் விற்கவே தடை. சேர்வராயன் மலைச் சரிவில் உண்ணிச்செடி செய்த அநியாயமே போதும், இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம். இரண்டாவது, தூருக்குள் வருஷா வருஷம் காய்ந்த தாள் சேர்ந்துகொண்டே போகும். மாசி, பங்குனியில் மலையில் தீ பிடிக்கும் காலத்தில், கேட்டுக்குப் பக்கத்தில் வைக்கோல் போர் வைத்துக்கொண்டது மாதிரி. மூன்றாவது, இலை விளிம்பு பிளேடு போல அறுக்கும். பெட்டியோடு நடந்து வருகிறவர் கையை ஒரு நாள் கிழிக்கும்.

கதிர் விரிவதற்குள் எடுத்துவிடுவது நல்லது. விரிந்துவிட்டால் முதலில் கதிர்களை மட்டும் அறுத்துச் சாக்குப்பைக்குள் தலைகீழாகச் செருகி வாயைக் கட்டுங்கள். பிறகு தூரைச் சுற்றி இடுப்பு உயரத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தரையிலிருந்து ஒன்றரை அடியில் அறுங்கள். கட்டாமல் அறுத்தால் தாள் முகத்தில் அடிக்கும். தோல் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் ஆளை இறக்காதீர்கள். அடுத்து தூரைச் சுற்றி ஒரு அடி தள்ளி வாய்க்கால் மாதிரி தோண்டி, கோடாலியால் தூரை நாலு துண்டாகப் பிளந்து, துண்டு துண்டாக நெம்பி எடுங்கள். முழுசாகப் புரட்டப் பார்த்தால் கடப்பாரைதான் வளையும். எடுத்த துண்டுகளை வேர் மேலே பார்க்க வைத்து 3, 4 வாரம் வெயிலில் காயவிடுங்கள், மண்ணோடு சரிவில் தள்ளிவிட்டால் அங்கே பிடித்துக்கொள்ளும். கோடையில் எரிக்கவே கூடாது.

அந்த இடத்துக்குப் புல் அழகுதான் வேண்டும் என்றால் வெட்டிவேர் வையுங்கள். தூரைப் பிரித்து, 3 தாள் சேர்ந்த கொத்தாக, இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, 15 செ.மீ.க்கு ஒன்று நடுங்கள். வேர் நேராக 2, 3 மீட்டர் ஆழம் இறங்கும். கேட்டுக்குப் பக்கத்தில் மண் சரிவு இருந்தால் குறுக்காக ஒரே கோட்டில் நட்டால் மண்ணைப் பிடித்து நிறுத்தும். 4 மாதத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். ஒரே நிபந்தனை, நல்ல வெயில் வேண்டும். சில்வர் ஓக் நிழலில் நட்டால் மெலிந்து படுத்துவிடும். அப்படி நிழலாக இருந்தால் புல் ஆசையை விட்டுவிட்டுப் பெரணி வையுங்கள்.

ஈழத்தலரிக்கு உங்கள் மலேசிய அக்கா சொன்னது சரி. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அது இடுகாட்டு மரம். அதன் வாசனை இரவில் வந்தால் பெண் பேய் வருகிறது என்று அங்கே பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். இலங்கையில் அதே பூ புத்தருக்குக் காணிக்கை. ஹவாயில் விருந்தாளி கழுத்துக்கு மாலை. நம் ஊரில் கோயிலிலும் உண்டு, கல்லறைத் தோட்டத்திலும் உண்டு. நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்று சொல்வதற்கும் உங்கள் அக்கா பயந்ததற்கும் காரணம் ஒன்றேதான். யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில் எது பிழைத்து, எதை ஆடு கடிக்காமல் விட்டு, எது பூத்துக்கொண்டே இருக்கிறதோ, அதுதான் இடுகாட்டில் மிஞ்சும். கிளையை ஒடித்துச் செருகினாலே ஈழத்தலரி வந்துவிடும், நித்தியகல்யாணி விதை உதிர்ந்து தானே முளைக்கும்.

உங்கள் தோட்டத்தில் மரம் தப்பு செய்யவில்லை, வரிசை தப்பு. நேர்ப்பாதை, இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக வெள்ளைப் பூ மரம் என்றால் யாருக்கும் கல்லறை ஞாபகம்தான் வரும். எல்லாவற்றையும் எடுக்காமல், ஒன்றுவிட்டு ஒன்று எடுத்து, பின் முற்றத்துப் புல்தரையில் வெயில் படும் இடத்தில் மூன்றாகச் சேர்த்து வையுங்கள். மார்கழி, தையில் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும்போது எடுப்பது நல்லது. ஆள் உயர மரத்துக்குத் தண்டைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளித் தோண்டி மண்ணோடு எடுங்கள். வெட்டிய கிளையை வீணாக்க வேண்டாம். ஒன்றரை அடித் துண்டாக நறுக்கி, பால் வடிந்து வெட்டுவாய் காய நிழலில் ஒரு வாரம் போட்டுவிட்டு, பாதிக்குப் பாதி மணல் கலந்த மண்ணில் நாலு விரல் ஆழம் நடுங்கள். இலை விடும்வரை தண்ணீர் கொஞ்சமாக. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் இது சாவது பெரும்பாலும் அழுகலால்தான், வறட்சியால் இல்லை. இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி கண்டால் துரு நோய். அந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்தினாலே பாதி அடங்கும்.

நித்தியகல்யாணி விஷயத்தில் மாமியார் பேச்சைக் கேட்டுவிடுங்கள், நஷ்டம் இல்லை. பூஜைக்கே பறிக்கிற வீடுகளும் உண்டு, வாசலில் சேர்க்காத வீடுகளும் உண்டு. சண்டைக்கு உகந்த விஷயம் இல்லை. அதைவிட, ஏற்காட்டு மழையில் அதற்குத் தண்டழுகல் வந்து பாதிச் செடி கறுத்துப்போகும். நிழலான ஓரத்துக்குக் காசித்தும்பையும் பிகோனியாவும் எவ்வளவோ மேல். நித்தியகல்யாணியைக் கன்னங்குறிச்சி மொட்டைமாடித் தொட்டிக்கு மாற்றுங்கள், அந்த வெயிலில் வெளுத்துவாங்கும். ஒன்று மட்டும்: சர்க்கரைக்கு நல்லது என்று அதன் இலையை மெல்ல யாரையும் விடாதீர்கள். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் இந்தச் செடியிலிருந்து பிரித்தெடுப்பது, வெள்ளணுக்களைக் குறைக்கும் சகோதர மருந்து வின்பிளாஸ்டினும் இதிலிருந்துதான். டாக்டர் கணக்குப் பார்த்து ஏற்றும் சரக்கை வெறும் வயிற்றில் மென்று பார்க்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று. மலை பங்களாக்களில் தலைகீழாகத் தொங்கும் பெரிய எக்காளப் பூ, ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட், உங்களிடம் இருந்தால் அறை ஜன்னலிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தள்ளி வையுங்கள். ஊமத்தையின் உறவு, முழுச் செடியும் நஞ்சு. போதைக்கு என்று தேடுகிற பையன்களும் உண்டு. கவாத்து செய்த கையால் கண்ணைத் தேய்த்தால் அந்தக் கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து பார்வை மங்கும். பக்கவாதமோ என்று பதறிப் போவார்கள்.

அறைக்குள் வைக்கும் பூவிலும் சற்றுக் கவனம் வேண்டும். நமக்குச் சாமந்தி சாமிக்கும் ஆகும், சாவுக்கும் ஆகும். புதுச்சேரி வழியாக வரும் பிரெஞ்சுக்காரர்களுக்கோ அது நவம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிக் கல்லறையில் கொண்டுபோய் வைக்கும் பூ. ஜப்பானியர்களுக்கு வெள்ளைச் சாமந்தி சாவு வீட்டுப் பூ. படுக்கை மேல் சாமந்தி இதழால் இதயம் வரைவதை வேலையாட்களிடம் நிறுத்தச் சொல்லுங்கள், ரோஜா போதும். வேப்பிலைக் கொத்தும் அப்படித்தான். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் சேலம் முழுக்க வேப்பிலைதான், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் மார்கழியில் கொசுவுக்கு என்று உங்கள் கேட்டில் மட்டும் ஒரு கொத்து தொங்கினால், உள்ளே அம்மை போட்டிருக்கிறது என்று வந்த கார் அப்படியே திரும்பிப் போகும்.

இனி கன்னங்குறிச்சி வீடு. வெள்ளெருக்கு வேருக்கு ஆள் வருவது நிற்காது. வடக்கே போகும் வேரில் பிள்ளையார் செதுக்குவார்கள், ஆவணியில் பூமாலைக்கும் ரதசப்தமிக்கு இலைக்கும் வருவார்கள். அதே சமயம் "உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்பது சாபம். பாழடைந்த சுவரில் முதலில் முளைப்பது அதுதான் என்பதால் வந்த வசவு. மதிலோரம் வேர் தோண்ட யாரையும் விடாதீர்கள், அஸ்திவாரத்து மண் இளகிவிடும். முற்றிய காய் வெடிக்கும்போது விதை எடுத்துத் தொட்டியில் போட்டு, நாற்றை மதிலிலிருந்து 2 மீட்டர் தள்ளிப் பின் மூலையில் நடுங்கள். அது ஆள் உயரம் வந்ததும் மதிலோரச் செடியை எடுத்துவிடலாம், அப்போது வேர் கேட்டவருக்கு அதையே கொடுக்கலாம். பால் கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுக்கும். உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டுக் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

அரசும் வேம்பும்தான் உங்களுக்கு உண்மையான நெருக்கடி, அவகாசமும் குறைவு. தனியாக நின்றால் இரண்டு மரம், சேர்ந்து நின்றால் கல்யாணமான ஜோடி. முதலில் மஞ்சள், பொட்டு. அடுத்து மஞ்சள் கயிறு, பிள்ளை வேண்டித் தொட்டில். பிறகு ஒரு நாள் விடிந்தால் நாகர் கல் இருக்கும். கல் வந்துவிட்டால் பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் மரம் உங்கள் சொல் கேட்காது. கிளையை வெட்ட வேண்டுமென்றாலும் தெருவைக் கேட்க வேண்டியிருக்கும், வெட்ட ஆளும் வரமாட்டார். கோயில் வருவது பிடித்திருந்தால் அது வேறு. ஆனால் அரசமர வேர் மதிலையும் தண்ணீர்த் தொட்டியையும் பிளக்கும். வீட்டிலிருந்து 10, 15 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டிய மரம், மனையின் மூலையில் அதற்கு இடம் கிடையாது.

சொல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிவிடாதீர்கள். அடுத்த வருஷம் தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் உங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள். மஞ்சள் பூசியவர் யார் என்று விசாரித்து, தெருப் பெரியவர் ஒருவரையும் வைத்துக்கொண்டு, "சாமி மரத்துக்கு எங்கள் மூலை போதாது, நல்ல இடமாகப் பார்த்து வைக்கலாம்" என்று பேசுங்கள். கோயில் வளாகமோ ஏரிக்கரையோ, அதற்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி வாங்கிய பிறகே மண்ணில் கை வையுங்கள்.

2 வருஷக் கன்றுகளை உயிரோடு இடம் மாற்றலாம். எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பு, இரண்டும் ஒரே மண்கட்டியில் வரும்படி தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டம் போட்டு, பாதி வட்டத்தை மட்டும் ஒன்றரை அடி ஆழம் மண்வெட்டியால் வெட்டி, மணலும் தொழுவுரமும் கலந்து மூடித் தண்ணீர் விடுங்கள். 2 வாரம் கழித்து மீதிப் பாதி. ஒரே நாளில் முழு வட்டமும் வெட்டினால் வேம்பு தாங்காது, அதற்கு ஆணிவேர் அதிகம். எடுக்கும் நாள் ஜூனில் நல்ல மழை பெய்து மண் ஊறிய பிறகு இருக்கட்டும். இலையில் பாதியைக் கிள்ளிவிட்டு, அடியை அறுத்து, ஈரச் சாக்கில் மண்கட்டியை இறுக்கிச் சுற்றி, தண்டைப் பிடித்துத் தூக்காமல் சாக்கைப் பிடித்துத் தூக்குங்கள். புதுக் குழி மண்கட்டியைவிட ஒரு அடி அகலமாக இருக்கட்டும். பழைய மண்மட்டம் எதுவோ அதே மட்டத்தில் நட்டு, மூன்று பக்கம் முட்டுக்கம்பு கொடுங்கள். முதல் மாதம் மழையில்லாத நாளில் ஒரு குடம் தண்ணீர், பிறகு முதல் கோடை முடியும்வரை வாரம் இரண்டு தடவை. இலை முழுக்க உதிர்ந்தாலும் பயப்பட வேண்டாம். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் ஆடிக்குள் துளிர்விடும்.

மூலையில் எஞ்சும் அரச வேரை விட்டுவிடக் கூடாது. விரல் தடிமனுக்கு மேல் உள்ள வேர்களைப் பின்தொடர்ந்து தோண்டி எடுத்துவிட்டுக் குழியை மூடுங்கள். மாடிக் கைப்பிடிச் சுவரையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். காக்கை எச்சத்தில் முளைத்த அரசு அங்கே இருந்தால் மழை பெய்த மறுநாள் வேரோடு வந்துவிடும். பென்சில் தடிமன் தாண்டியிருந்தால் உளியால் காரையைக் கொத்தி வேரை முழுசாக எடுத்துவிட்டு, சிமெண்ட் வைத்துப் பூசிவிட வேண்டும்.